மழைக்கு யார் நன்றி சொல்வது?



ஒரு சின்னப் பையன் கேட்ட கேள்விக்குப் பதில் தேட எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெரிதாக எதுவும் நடக்காத வாரம் அது. கல்யாணமும் இல்லை, திருவிழாவும் இல்லை. மழை மட்டும் விடாமல் பெய்தது.

நான் ஜொகூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் எங்கள் தாமான் கோயிலில் சனிக்கிழமை சமய வகுப்பு எடுப்பேன். 2024 டிசம்பர் 14 அன்று பாடம் பகவத் கீதை, இரண்டாம் அத்தியாயம், 47-ஆவது சுலோகம். கடமையைச் செய்வதில்தான் உனக்கு உரிமை, அதன் பலனில் இல்லை என்று கண்ணன் அர்ஜுனனிடம் சொல்லும் இடம். நம்மில் பாதிப் பேருக்கு மனப்பாடம். நானும் நன்றாகத்தான் விளக்கினேன் என்று நினைத்தேன்.

நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவன் கையைத் தூக்கினான். "அண்ணா, பலன எதிர்பார்க்கக் கூடாதுன்னா, அம்மா சமைச்சுக் குடுக்கும்போது நாம 'நல்லா இருக்கு'ன்னு சொல்லத் தேவையில்லதானே? அவங்கதான் எதிர்பார்க்கக் கூடாதே?"

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "நல்ல கேள்வி. அடுத்த வாரம் சொல்றேன்" என்றேன். பதில் தெரியாத ஆசிரியர்கள் எல்லாரும் சொல்வது அதுதான்.

மோட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்போது சிரிப்பு போய்விட்டது. அந்தப் பையன் விளையாட்டாகக் கேட்டான். ஆனால் நாங்கள் வீட்டில் அப்படித்தானே நடந்துகொள்கிறோம்?

ஞாயிறு

எனக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரம் இடைவிடுமுறை. ஞாயிறு காலை ஐந்தரைக்கே அப்பா எழுந்துவிட்டார். அவருக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலை, திங்கள் முதல் சனி வரை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2014 ஜனவரி முதல் 2024 முடியும் வரை ஜொகூரில் அரசாங்க அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்போது இங்கே பள்ளி நாள். அப்பாவுக்கு லீவு இருக்கும் நாளில் தங்கச்சிக்குப் பள்ளி. தங்கச்சிக்கு லீவு இருக்கும் நாளில் அப்பாவுக்கு வேலை. அவள் 2013-இல் பிறந்தவள். அவளுக்கு விவரம் தெரிந்த நாள் முதல், பள்ளி விடுமுறைக் காலத்தைத் தவிர, அவளும் அப்பாவும் ஒரே நாளில் வீட்டில் ஓய்வாக இருந்ததே கிடையாது.

தங்கச்சிக்குப் பள்ளி வேன் இருக்கிறது. மாதக் கட்டணமும் கட்டியாகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாதான் அவளை மோட்டாரில் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார்.

"வேன்தான் வருதே, இன்னும் கொஞ்ச நேரம் தூங்குங்க" என்றார் அம்மா.

"பரவால்ல" என்றார் அப்பா.

அவருக்குத் தூக்கம் வராது போல என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அன்று இரவு தங்கச்சியிடம் சும்மா கேட்டேன். அவள் சொன்னாள்: "மத்த நாள்ல நான் எழுந்திரிக்கும்போது அப்பா இல்ல. வரும்போது எனக்குத் தூக்கம் வந்துடும். ஞாயித்துக்கிழம மோட்டார்ல போறப்பதான் எல்லாக் கதையும் சொல்லுவேன்."

பதினோரு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

திங்கள்

அன்று மார்கழி முதல் நாள். நமக்குப் பனியும் இல்லை, குளிர்காலமும் இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. டிசம்பரில் விடியற்காலையில் உடம்பு கொஞ்சம் சிலிர்க்கும், அவ்வளவுதான். அதுதான் நம்முடைய குளிர்காலம். ஆனால் நனைந்த உடம்போடு மோட்டார் ஓட்டுகிறவருக்கு அந்தக் குளிரே போதும்.

நான்கு மணிக்கு அடுப்பு எரியும் சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா இரண்டு வேளைச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு சிங்கப்பூர் வெள்ளி என்றால் நமக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். சம்பளம் வாங்கும்போது அந்தக் கணக்கு இனிக்கும். அங்கே கடையில் சாப்பிட உட்கார்ந்தால் அதே கணக்கு கசக்கும். அதனால்தான் இரண்டு டப்பா.

நாலரைக்கு அப்பா கிளம்பினார். பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். 1924-இல் திறக்கப்பட்ட காஸ்வே பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஓடினால் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். ஆனால் நாள்தோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கும் எல்லை அது. காலையில் குடிநுழைவுச் சோதனைக்கு நிற்கும் மோட்டார் வரிசையில் ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஒரு கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்று தெரியும். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் அந்த வரிசையில் ஒன்றாகத்தான் நனைகிறார்கள்.

மோட்டார் சத்தம் முனையில் திரும்பி மறைந்த பிறகுதான் அம்மா கதவைச் சாத்தினார். நான் மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டேன்.

செவ்வாய்

அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். பொங்கலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது, அதனால் ஆர்டர் அதிகம். சாயங்காலம் ஒரு வாடிக்கையாளர் வந்தார். நல்லவர்தான், வருஷக்கணக்காகத் தெரிந்தவர். தைத்ததை வாங்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பணம் கொடுக்கும் நேரத்தில், "அக்கா, நீங்க என்ன காசுக்காகவா தைக்கிறீங்க? ஆசைக்குத்தானே! பாத்துப் போட்டுக்குங்க" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்துக்கொண்டே பத்து ரிங்கிட் குறைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த துணியை எடுத்தார். முதல் நாள் இரவு பன்னிரண்டு மணி வரை தைத்த ரவிக்கை அது.

அந்தப் பையனின் கேள்வி எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. 'நீங்க காசுக்காகச் செய்றவங்க இல்ல.' கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தப் பாராட்டின் விலை பத்து ரிங்கிட். அதைக் கொடுத்ததும் அம்மாதான்.

புதன்

மத்தியானம் தொடங்கிய மழை நிற்கவே இல்லை. எட்டு மணிக்கு வர வேண்டிய அப்பா ஒன்பது நாற்பதுக்கு வந்தார். நான் ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். காதில் புது ஹெட்போன். போன மாதம் இருநூற்றைம்பது ரிங்கிட் கொடுத்து வாங்கியது. யார் காசு என்று சொல்லத் தேவையில்லை.

அப்பா ரெயின்கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். சட்டையின் தோள்பட்டை முழுக்க ஈரம். "சாப்பிட்டியா?" என்று என்னைக் கேட்டார். இவ்வளவு நனைந்து வந்தவர் என்னைக் கேட்கிறார்!

அவர் குளிக்கப் போன பிறகு அந்த ரெயின்கோட்டை எடுத்துப் பார்த்தேன். தோளில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். மேலே கறுப்பு வயர் டேப் ஒட்டியிருந்தது. ஒரு வரிசை இல்லை, மூன்று வரிசை. பழைய டேப் உரியவும் அதன் மேலேயே புதிது ஒட்டியிருக்கிறார். அதாவது, இது நேற்றுக் கிழிந்ததில்லை.

சாப்பிடும்போது கேட்டேன். "ஏம்ப்பா சொல்லல? புதுசு ஒண்ணு வாங்கியிருக்கலாமே?"

அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "கேட்டாத்தானே சொல்றதுக்கு."

கோபத்தோடு சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் மணி சொல்வது போலச் சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

வியாழன்

அன்று முழுக்க அந்த வார்த்தையே ஓடிக்கொண்டிருந்தது. ஒருகாலத்தில் நாங்கள் கேட்டோம் என்பதும் ஞாபகம் வந்தது.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லை மூடப்பட்டது. அதற்கு முன்பே அப்பா ஒரு பையோடு அந்தப் பக்கம் போய்விட்டார், வேலை போய்விடக் கூடாதே என்று. இரண்டு வாரம் என்று சொன்னது மாதக்கணக்காக நீண்டது. இடையில் ஒரே ஒருமுறை வந்தார், அதுவும் தனிமைப்படுத்தலில் இருந்துவிட்டு. 2021 நவம்பர் 29-இல் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தரைவழி திறந்த பிறகுதான் சரியாக வீட்டுக்கு வந்தார். அந்த நாட்களில் தினமும் வீடியோ காலில் "சாப்பிட்டீங்களாப்பா? காய்ச்சல் இருக்கா? முகம் ஏன் வாடியிருக்கு?" என்று கேட்டோம். அந்தப் பாலத்தின் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் நாங்கள் அவரை நன்றாகப் பார்த்தோம். வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

பாட்டி திண்ணையில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "எங்க காலத்துல இந்த மாசம்தான் கஷ்டம். பட்டை நனைஞ்சா மரம் வெட்ட முடியாது. வேல இல்ல, சம்பளம் இல்ல. கடைக்காரன்கிட்டக் கடன்தான்" என்றார்.

"யாராவது உங்களக் கேட்டாங்களா பாட்டி, எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு?"

பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தொர கேக்க மாட்டான். புள்ளைங்களாவது கேக்கலாம்" என்றார்.

இரவு அப்பாவிடம் என் அசைன்மெண்டைக் காட்டினேன். தாங்குருளைகள் பழுதாகும் முன்பே அதிர்வை அளந்து கண்டுபிடிப்பது பற்றியது. முப்பது வருஷமாக அதே வேலையைக் கையால் செய்பவர் அவர். பார்த்துவிட்டுச் சொன்னார்: "சத்தம் போடுற மெஷினுக்கு எல்லாரும் ஓடி வந்துடுவாங்க. சத்தம் போடாம ஓடுது பாரு, அதத்தான் நாம தேடிப் போயித் தொட்டுப் பாக்கணும். சூடா இருக்கா, எண்ணெ இருக்கான்னு. அது தானா சொல்லாது."

மெஷினைப் பற்றித்தான் சொன்னார். வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

வெள்ளி

காலையில் கோயிலில் திருவெம்பாவை ஓதி, பூசை முடிந்து, அன்னதானம். இளைஞர்கள் நாங்கள் பரிமாறினோம், படம் எடுத்தோம், பதிவேற்றினோம். 'சேவையே இறைவழிபாடு' என்று தலைப்பும் போட்டோம். பிறகு திண்ணையில் உட்கார்ந்தோம். பின்னால் குழாயடியில் இரண்டு அம்மாக்கள் பெரிய அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அதே இரண்டு பேர். படத்தில் அவர்கள் ஒருமுறையும் இருந்ததில்லை.

நண்பன் ஒருவனிடம் சொன்னேன். "அவங்க எதையும் எதிர்பார்க்க மாட்டாங்கடா, புண்ணியத்துக்குச் செய்றாங்க" என்றான். நானும் பலமுறை சொன்ன வார்த்தைதான். அன்று அதைக் கேட்கும்போது கூசியது. எழுந்து போனேன், அவனும் வந்தான். அரை மணி நேரம் தேய்த்ததற்கே முதுகு பிடித்துக்கொண்டது. அந்த அம்மாக்களில் ஒருவருக்கு முட்டி வலி என்பதே அன்றுதான் தெரிந்தது. இரண்டு வருஷமாக அந்த வலியோடுதான் குனிந்து தேய்க்கிறாராம்.

பதில்

வெள்ளி இரவு கீதையைத் திரும்ப எடுத்தேன். இரண்டாம் அத்தியாயத்தோடு நிறுத்தாமல் மூன்றாவதுக்குப் போனேன். அங்கே 12-ஆவது சுலோகத்தில் கண்ணன், தேவர்கள் தந்ததை வாங்கிக்கொண்டு அவர்களுக்கு எதையும் திருப்பிப் படைக்காமல் தானே அனுபவிப்பவனைப் பற்றிப் பேசுகிறார். அவனுக்கு அவர் சொல்லும் பெயர் திருடன். ஓர் அத்தியாயம் தள்ளிப் படித்திருந்தால் சனிக்கிழமையே பதில் சொல்லியிருப்பேன்.

திருக்குறளையும் எடுத்தேன். 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அதன் முதல் குறளில் வள்ளுவர் மழையை உதாரணம் காட்டுகிறார். கடமையாகச் செய்யும் உதவி கைம்மாறு கேட்பதில்லை, மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிடுகிறது என்பது அவர் கருத்து. ஆக, மழை நன்றியை எதிர்பார்ப்பதில்லை. சரி. ஆனால் அதே வள்ளுவர் தன் நூலில் கடவுளுக்கு அடுத்தபடியாக, இரண்டாவது அதிகாரத்திலேயே வான்சிறப்பு என்று மழைக்குப் பத்துக் குறள் எழுதி வைத்திருக்கிறார்! மழைதான் எதிர்பார்க்கவில்லையே, பிறகு ஏன் எழுதினார்? எதிர்பார்க்காமல் இருப்பது மழையின் தர்மம். அறிந்துகொள்வது மழையில் வாழ்கிறவனின் தர்மம். இரண்டும் வேறு வேறு.

எனக்குப் புரிந்தது இதுதான். 'பலனை எதிர்பார்க்காதே' என்பது செய்கிறவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. 'நன்றியை மறக்காதே' என்பது பெறுகிறவன் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. நாம் செய்யும் தவறு, இந்த இரண்டையும் மாற்றிப் படிப்பது. பெறுகிறவன் செய்கிறவனைப் பார்த்து 'எதிர்பார்க்காதே' என்றால் அது ஆன்மிகம் இல்லை, சுரண்டல். தள்ளுபடி கேட்டவர் செய்ததும் அதுதான், அண்டா கழுவாத நான் செய்ததும் அதுதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், மறுபக்கமும் இருக்கிறது. 'உனக்காக எவ்வளவு செஞ்சேன் தெரியுமா?' என்று சாப்பாட்டுத் தட்டின் மேலேயே கணக்கு வாசிக்கும் பெரியவர்களும் நம் வீடுகளில் உண்டு. அவர்கள் கையில் இருப்பதும் மாற்றிப் படித்த பாடம்தான். நன்றியைக் கேட்டு வாங்கினால் அது கடன் வசூல் ஆகிவிடுகிறது.

"அப்படின்னா அம்மாவுக்குத் தினமும் தேங்க்ஸ் சொல்லணுமா?" என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. தமிழ் வீட்டில் அம்மாவிடம் போய் 'நன்றி' என்றால், 'என்னடா ஆச்சு உனக்கு?' என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஆனால் 11-ஆம் அதிகாரத்தின் பெயரைக் கவனியுங்கள்: செய்ந்நன்றி அறிதல். கூறல் இல்லை, அறிதல். அங்கே 'நன்றி' என்றால் நமக்குச் செய்யப்பட்ட நன்மை. அதை அறிவதுதான் கடமை. வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டேப் ஒட்டிய ரெயின்கோட்டைப் பார்க்காமல் போவது அறிதல் ஆகாது. அறிந்தவன் கை சும்மா இருக்காது. விலையைக் குறைக்காமல் கொடுக்கும், அண்டாவைப் பிடித்துத் தூக்கும்.

சனிக்கிழமை வகுப்பில் இவ்வளவையும் சொல்லவில்லை. அந்தப் பையனிடம் இதை மட்டும் சொன்னேன்: "கண்ணன் அந்தப் பாடத்த உங்க அம்மாவுக்குச் சொல்லியிருக்காரு. உனக்கு அடுத்த அத்தியாயத்துல வேற பாடம் வச்சிருக்காரு." பிறகு திருடன் கதையைச் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நான் திருடனா அண்ணா?" என்றான். "நானும்தான்" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஹெட்போனை ஒரு நண்பனுக்கு விற்று அப்பாவுக்கு ஒரு ரெயின்கோட் வாங்கினேன். அவர் முதலில் கேட்டது, "எவ்வளவு?" அடுத்துக் கேட்டது, "பழசு நல்லாத்தானே இருக்கு?" திங்கள் காலை அதைத்தான் போட்டுக்கொண்டு போனார். பழையதைத் தூக்கிப் போடவில்லை, மோட்டார் சீட்டுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறார். ஒரு ரெயின்கோட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இருபது மாதப் பிரிவில் கற்றதையே ஒரு மாதத்தில் மறந்த பிள்ளை நான். இதையும் மறப்பேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

2025 ஜனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. ஜனவரி 5, முதல் ஞாயிறு. அப்பா பழக்கத்தில் ஐந்தரைக்கே எழுந்து, பள்ளி இல்லை என்று ஞாபகம் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாராம். அம்மா போனில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தங்கச்சி தானாக எழுந்து வந்து, "மோட்டார்ல ஒரு ரவுண்டு போலாமாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். லேசான தூறலாம். இரண்டு பேரும் ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு எட்டு மணிக்குத்தான் வந்தார்களாம்.

அவள் கேட்டிருக்கிறாள். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவள் படிக்காமலே செய்துவிட்டாள்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் சத்தம் போடாமல் ஓடும் ஒன்று இருக்கும். இந்த வாரம் ஒருமுறை போய்த் தொட்டுப் பாருங்கள். அது தானாகச் சொல்லாது.